தெக்கு மூலைப் பெட்டி

12-8-2008, செவ்வாய்

தூறல் விடல. மக பொற்கொடி காலை ஷிப்டு. பெட்டி இன்னிக்கும் சத்தம் போட்டுச்சு.

வீடியோ கேம் பெட்டி. மகன் விஜயகுமார் ஓசூர் பஸ் ஸ்டாண்டு பின்னாடி கடை வெச்சிருந்தப்ப வாங்கினது. காசு போட்டா ஏரோப்ளேன் சுடற ஆட்டம். பிரவுசிங் சென்டர் வந்ததும் பசங்க எல்லாம் அங்க போயிட்டாங்க. கடையை மூடிட்டு அவனும் அத்திப்பள்ளி போயிட்டான். மத்த பெட்டியெல்லாம் வித்துப்போச்சு, இதை மட்டும் எவனும் கேக்கல. பீரோ உசரம், பீரோவை விடக் கனம். முன் ரூம்ல தெக்கு மூலையில நிக்குது. அண்ணன் எனக்கு விட்டுட்டுப் போன சீர்னு சொல்லி பொற்கொடியே சிரிப்பா.

ஷிப்டு முடிஞ்சு வந்து முகம் கழுவின ஈரத்தோட ஒரு ஆட்டம் ஆடுவா. முப்பத்தொரு வயசுப் பொம்பளை நின்னுகிட்டு ஏரோப்ளேன் சுடறா. நான் ஒண்ணும் சொல்றதில்லை. கம்பெனியில நாள் பூரா குனிஞ்ச தலை. வீட்லயாவது நிமிர்ந்து நிக்கட்டும்.

சத்தம் இப்படி — டிக். கொஞ்சம் விட்டு, டிக் டிக். முன்னாடி இல்லாத சத்தம்.

இந்த டைரி அவ கம்பெனியில குடுத்தது. படிக்காதவனுக்கு எதுக்குடி டைரின்னேன். "அறிவொளி வகுப்புல கத்துக்கிட்டதெல்லாம் துரு புடிக்குது, எழுதுங்கப்பா"ன்னா. தலை நரைச்ச பிறகு கத்துக்கிட்ட எழுத்து. தப்பு இருக்கும். மறதிக்காக எழுதல, மறதி எனக்குக் கிடையாது. அதுதான் சில நாள் சங்கடம்.

27-8-2008

தளி மாப்பிள்ளை வீட்ல இருந்து சேதி. வர வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி வராங்களாம், கல்யாணத்தை உறுதி பண்ண. பையன் மாதவன் இவ கம்பெனியிலதான் வேலை. கேன்டீன்ல பேசிப் பழக்கம். அதை என்கிட்ட சொல்ல இவளுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டதுக்கு, "நீங்க எப்பவும் ரேடியோ கேட்டுட்டே இருக்கீங்க"ங்கறா. இவ அம்மா உசுரோட இருந்திருந்தா ரெண்டு நாள்ல கண்டுபிடிச்சிருப்பா.

2-9-2008

பொற்கொடி பாத்திரம் கழுவும்போது பாடறா. நான் ரேடியோவை அணைச்சுட்டேன்.

5-9-2008, வெள்ளி

எழுதணுமான்னு இருக்கு. எழுதறேன்.

வந்தாங்க. மாதவன், அவங்க அம்மா மங்கம்மா, சொந்தக்காரங்க கொஞ்சம் பேரு, சின்னப் பிள்ளைங்க. மங்கம்மா புருஷன் இல்லாத பொம்பளை, பூத்தோட்டம் வெச்சு ஒத்தையில பையனை வளர்த்தவங்க. தமிழ்தான் பேசறாங்க, நடுவுல நடுவுல கன்னடம் வந்து விழுது. என்னை அண்ணான்னு கூப்பிட்டாங்க. நல்ல மாதிரி.

பிள்ளைங்க அழுதுன்னு பெட்டியைப் போட்டுவிட்டோம், சத்தத்தைக் குறைச்சு. வெளிய தூறல். காப்பி ஆச்சு. எனக்குக் கண்ணுல மருந்து விடற நேரம். அப்புறம் பார்த்துக்கலாம்னேன். பொற்கொடி கேக்கல. பட்டுப் புடவையோட வந்து, என் தாடையைப் புடிச்சு நிமித்தி, ரெண்டு கண்ணுலயும் விட்டுட்டு, வழிஞ்சதை முந்தானையால துடைச்சா. மாதவன் அவளையே பார்த்தான். மங்கம்மா மாதவனைப் பார்த்தாங்க.

அப்புறம் தாம்பூலத் தட்டை எடுத்தாங்க. வெத்தலை, பாக்கு, தளி ரோசாப்பூ. தட்டு மங்கம்மா மடியில. எடுத்தவங்க நீட்டல. அந்த நேரம்தான் தெக்கு மூலையில — டிக் டிக் டிக்.

எல்லாருக்கும் கேட்டுச்சு. கூட வந்த கிழவி ஒருத்தி தரையைத் தட்டி "கிருஷ்ணா கிருஷ்ணா"ன்னா. யாரோ, "தெக்க இருந்து பல்லி சொல்லுது"ன்னாங்க. "நல்ல காரியத்துல தெக்குப் பல்லி ஆவாது."

நான் சொன்னேன், அம்மா அது பல்லி இல்ல, அந்தப் பெட்டிங்க, ஒரு மாசமா இப்படித்தான். ஒருத்தரும் காதுல வாங்கல. மங்கம்மா தட்டைக் கீழ வெச்சுட்டாங்க. "மனசு சரியில்ல அண்ணா. இன்னொரு நாள் பார்த்துக்கலாம்." மாதவன், "அம்மா..."ன்னான். "எழுந்திரு"ன்னாங்க.

பிள்ளைங்க ஆட்டத்தை விட்டு வர மாட்டேன்னு அழுதுச்சு. இழுத்துட்டுப் போனாங்க.

பொற்கொடி புடவை மாத்தாம உக்காந்திருந்தா. சாப்பிடும்மான்னேன். "நீங்க சாப்பிட்டு மாத்திரை போடுங்க"ன்னா. அவ்வளவுதான்.

6-9-2008

அவ வேலைக்குப் போயிட்டா. பக்கத்து வீட்டு நாகம்மாள் வந்து எட்டிப் பார்த்துச்சு. "என்னண்ணா, தட்டைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்களாமே? வீட்ல பல்லி இருந்தா அடிச்சு விரட்டறதில்லையா?" பல்லியே இல்லைன்னேன். "இல்லாத பல்லியா பேசுச்சு?" வாயை அடைக்க முடியல.

புரட்டாசி பொறந்துட்டா அந்தப் பக்கம் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள பத்து நாள் இருக்கு. அது பெட்டி சத்தம்னு மங்கம்மாவுக்குக் காட்டிட்டா முடிஞ்சுது. வேற என்ன தடை? ஒண்ணும் தெரியல.

8-9-2008, திங்கள்

காலையில இருந்து பெட்டிக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்தேன். கிரானைட் லாரியில முப்பது வருஷம் கிளீனர். பர்கூர் மேட்டுல வண்டி ஏறும்போது சத்தத்துல ஒரு பிசிறு வந்தாலே தெரியும், எந்த பேரிங்னு. அந்த நெனப்புல உக்காந்தேன்.

பெட்டி லாரி இல்லை. எத்தனை சத்தம் அதுக்குள்ள! ஒரு உறுமல் இருக்கு, அது நிக்கவே நிக்காது. பின்னாடி சின்ன ஃபேன், அது சுத்தும்போது கிர்ருங்குது. காசு விழற வாயைத் தட்டினா உள்ள எதோ உருளுது. திறந்து பார்த்தேன், விஜயகுமார் காலத்து ஒத்த ரூபா. எடுத்துட்டேன். டிக் நிக்கல. ஃபேனுக்கு எண்ணெய் விட்டேன். கிர்ரு நின்னுச்சு, டிக் நிக்கல. அடியில ஆணி ஆடுதான்னு முட்டுக் குடுத்தேன். அதுவும் இல்லை.

ஒண்ணு கண்டுபிடிச்சேன். டிக்குன்னு வரும்போதெல்லாம் கண்ணாடியில படம் ஒரு தடவை சுருங்கி விரியுது. கண் சிமிட்டற மாதிரி. பல்லி கத்தினா படம் ஏன் சுருங்கணும்?

பெட்டிதான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

9-9-2008

முத்துமணி வந்தான், டிவி மெக்கானிக். பின் கதவைக் கழட்டி டார்ச் அடிச்சான்.

"பெருசு, இங்க பாரு. டிவிக்குள்ள பெரிய கரண்டு குடுக்கற டப்பா இது, ஈ.எச்.டி. தோல்ல வெடிப்பு விட்டிருக்கு. மழை ஈரம், வருஷக் கணக்குல தூசி. கரண்டு கசிஞ்சு தகரத்துக்குத் தாவுது. அந்தத் தாவற சத்தம்தான் உன் டிக்."

"அப்போ பல்லி இல்லையே?"

"பல்லி இதுக்குள்ள வந்தா கருவாடு."

டப்பாவை மாத்திடலாம், அரை நாள் வேலைன்னான். வேணாம்னேன். மேலயும் கீழயும் பார்த்தான். சமாச்சாரத்தைச் சொன்னேன். மங்கம்மா வந்து காதால கேக்கற வரைக்கும் சத்தம் இருக்கணும். கேட்ட மறுநாள் மாத்திக்கோ.

"நோய் தீர்ந்துடும்னு சொல்ற டாக்டரைத் துரத்தற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்"ன்னான். போகும்போது திரும்பி வந்து சொன்னான், "ஆள் இல்லாதப்ப போடாத பெருசு. பத்திக்கிச்சுன்னா வீடு போயிடும். உள்ள கையும் வெக்காத."

10-9-2008, புதன்

தளி பஸ். ஜன்னல்ல குளிர்காத்து, கண்ணு எரிஞ்சுது. மங்கம்மா தோட்டத்துல செவ்வந்தி பறிச்சுட்டு இருந்தாங்க. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழ வெச்சு, தண்ணி, மோர், உக்காருங்க அண்ணா. நான் விஷயத்தை எடுத்தேன் — ஈ.எச்.டி, கசிவு, கண்ணாடியில படம் சுருங்கறது, மெக்கானிக் சாட்சி. அவங்க பூவைக் காம்பு ஒடிச்சுட்டே கேட்டாங்க.

"ஒரு தடவை வந்து உங்க காதால கேளுங்கம்மா. அது போதும்."

"ஞாயித்துக்கிழமை வரேன் அண்ணா."

"பையனையும் கூட்டிட்டு..."

"நான் மட்டும் வரேன்."

நிலம் சின்னதுதான், ஆனா ஒரு புல் இல்லை. தனி ஆளா எப்படிங்கம்மான்னு கேட்டேன். "இத்தனை நாள் முடிஞ்சுது"ன்னாங்க. பஸ் வரைக்கும் வந்து ஒரு பை நிறைய பூ குடுத்தாங்க. வேண்டாதவங்களுக்கு யாரு பூ குடுப்பா? மனசு தெம்பா வந்தேன்.

12-9-2008

சத்தம் நின்னுபோச்சு.

ரெண்டு நாளா நல்ல வெயில். ஈரம் காஞ்சுடுச்சு போல. காலையில இருந்து கரண்டு இருக்கற நேரமெல்லாம் போட்டுப் பார்த்தேன், கல்லு மாதிரி இருக்கு. நேத்து வரைக்கும் போடாதே போடாதேன்னா போடும். ஞாயிறு அவங்க வந்து உக்காந்து ஊமைப் பெட்டியையா பார்க்கறது?

துண்டை நனைச்சுப் பிழிஞ்சு பெட்டிக்குப் பின்னாடி தொங்க விட்டேன். ஈரம் ஏறட்டும்னு. கொஞ்ச நேரத்துல ஒரு டிக் வந்துச்சு. இன்னும் கொஞ்சம் நனைச்சேன். அந்த நேரம் பொற்கொடி உள்ள வந்தா.

"என்னப்பா பண்றீங்க? கரண்டு பெட்டிக்குத் தண்ணி காட்டுவாங்களா? செத்துகித்துப் போனா?"

சுவிட்சை அணைச்சா. துண்டை வாங்கினா. அப்புறம் அதையே முகத்துல வெச்சுட்டு அழுதா. ஒரு வாரமா அழாதவ. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. துண்டு அழுக்கும்மா, குடுன்னேன்.

13-9-2008, சனி

மத்தியானம் கரண்டு போயிடுச்சு. ஃபேன் இல்லை, ரேடியோ இல்லை, தெருவே அமைதி. சும்மா உக்காந்திருக்கேன்.

டிக் டிக் டிக்.

பெட்டியில இருந்து. கரண்டு இல்லாம. பிளக்கையே நேத்து புடுங்கி வெச்சாச்சு.

சூடு ஆறினா தகரம் சத்தம் போடும்னு நெனச்சேன். அது ஆறி ஒரு நாள் ஆவுதே. பின் கதவைக் கழட்டி டார்ச் அடிச்சேன். மேல் பலகைக்குக் கீழ, மூலையில, ரெண்டு முட்டை. வெள்ளையா, மல்லி மொக்கு மாதிரி. பக்கத்துல வெளிறின பல்லி ஒண்ணு. என்னைப் பார்த்துட்டு நகரவே இல்லை.

முத்துமணி சொன்னதும் நிஜம். இதுவும் நிஜம். அப்போ அன்னிக்குச் சொன்னது எது? படம் சுருங்குச்சான்னு அன்னிக்கு யார் பார்த்தா?

பொற்கொடி வந்ததும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "நீங்க பார்க்கலப்பா"ன்னா. பார்த்துட்டேனேம்மா. "நாளைக்கு ஒரு நாள் மட்டும். முத்துமணி அண்ணன் சொன்னதைச் சொல்லுங்க. அது பொய் இல்லையே." பொய் இல்லைதான்.

"அப்பா, எனக்காக."

இதுவரைக்கும் எனக்காகன்னு ஒண்ணும் கேட்டதில்லை அவ.

14-9-2008, ஞாயிறு

மங்கம்மா தனியாத்தான் வந்தாங்க. பெட்டியைப் போட்டேன். உறுமல் மட்டும். மூணு பேரும் உக்காந்து பெட்டியைப் பார்த்துட்டு இருந்தோம். பொற்கொடி ஆட்டம் ஆடிக் காட்டினா, உடனே ஏரோப்ளேன் விழுந்துடுச்சு. சத்தம் வரல.

"பால் இல்ல, வாங்கிட்டு வரேன்"னு எழுந்து போனா. என்னைப் பார்த்துட்டேதான் போனா.

அவ தலை மறைஞ்சதும் சொல்லிட்டேன். முடியல. "அம்மா, பெட்டியும் சத்தம் போடுதுங்க, பல்லியும் இருக்குதுங்க. அன்னிக்கு எது சொல்லுச்சோ எனக்குத் தெரியாது." பெட்டியோட பின் கதவைத் திறந்து காட்டினேன்.

மங்கம்மா குனிஞ்சு பார்த்தாங்க. "முட்டை வெச்சிருக்கு"ன்னு சிரிச்சாங்க. உக்காந்தாங்க.

"அண்ணா, எங்க வீட்ல ஆயிரம் பல்லி. தெக்கயும் சொல்லும், வடக்கயும் சொல்லும். அதுக்கா நான் தட்டைக் கீழ வெச்சேன்?"

நான் பின் கதவைச் சாத்தினேன்.

"அன்னிக்கு பஸ்ல வரும்போதே மாதவன் சொன்னான். 'கல்யாணம் ஆனா ஓசூர்லயே இருந்துக்கறேன்மா, அவங்க அப்பாவை விட்டுட்டு அவ வர மாட்டா'ன்னு. இங்க வந்து பார்த்தேன், உங்க பொண்ணு உங்க கண்ணுக்கு மருந்து விடறதை. பெத்த தாயா இருந்தாலும் அப்படி விட மாட்டாங்க. அவன் அதையே பார்த்துட்டு இருக்கான். பையன் இங்கயே தங்கிடுவான்னு தெரிஞ்சுபோச்சு அண்ணா. ஒரே பையன். எனக்கும் முட்டி வலிக்குது. வாய்விட்டு எப்படிச் சொல்றது? உங்க பொண்ணு மேல ஒரு குறை இல்லை. பல்லி சொல்லுச்சு. எனக்கு வாய்ப்பாப் போச்சு."

யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்குமே. தட்டை எடுத்தாங்க, நீட்டல. அதுக்கு அப்புறம்தான் டிக். நீட்டின கையைப் பல்லி நிறுத்தல. கை முன்னாடியே நின்னிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே எழுதினேன், எழுதின கைக்குப் புரியல.

ஒரு வாரமா சத்தத்தைத் தேடிட்டு இருந்திருக்கேன் — பெட்டிக்குள்ள.

"நான் சொன்னதுன்னு அவகிட்டச் சொல்லாதீங்க"ன்னாங்க. தலையாட்டினேன். பொற்கொடி பாலோட வந்தா. ரெண்டு பேரும் பெட்டியைப் பத்திப் பேசினோம்.

17-9-2008

புரட்டாசி ஒண்ணு. முத்துமணி டப்பாவை மாத்திட்டான். முட்டை இருக்கற பலகையைத் தொடாதேன்னேன். "கருவாடு ஆவலையே!"ன்னு ஆச்சரியப்பட்டான்.

25-9-2008

கட்டில்ல மல்லாந்து படுத்து மருந்தை நானே விட்டேன். கன்னத்துல ரெண்டு சொட்டு, காதுல ஒண்ணு, கண்ணுல இல்லை.

1-10-2008

வலது கண்ணுல விழுந்துச்சு. இடது கண்ணுக்கு இன்னும் குறி தப்புது. கண்ணாடி பார்த்தா முடியாது, பார்க்காமத்தான் விடணும்.

5-10-2008

அத்திப்பள்ளி போனேன். மகன் ரீசார்ஜ் கடை வெச்சிருக்கான், பின்னாடி ஒரே ரூம். மருமக அருணா மாவு பிசைஞ்ச கையோட நின்னு, "வாங்க மாமா, எத்தனை நாளைக்கு?"ன்னு கேட்டா. குத்தமா கேக்கல. இங்கயே இருக்கலாம்னு நெனைக்கறேன்மான்னேன். விஜயகுமார் அவளைப் பார்த்தான். அவ சுவத்தைப் பார்த்தா. அந்த ரூம்ல இன்னொரு கட்டில் எங்க போடறதுன்னு கணக்குப் போட்டா போல. "கதவு பக்கமா போடலாம். காத்து வரும்"ன்னா.

நல்ல பொண்ணு. இதுவரைக்கும் நான் அவகிட்டச் சரியாப் பேசினதில்லை.

6-10-2008

பொற்கொடிகிட்டச் சொன்னேன். அங்க கர்நாடகாவுல கரண்டு அவ்வளவா போறதில்லையாம், இங்க நாள் பூரா இருட்டு, என்னால முடியல, பையன்கிட்டப் போறேன்.

"கரண்டுக்காகவா?"

"ஆமா."

"நாலு வருஷமா எட்டிப் பார்க்காத பையன் இப்ப இனிச்சுட்டானா?"

தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டா. நான் மிச்சத்தைச் சாப்பிட்டேன். சாப்பிடாம இருந்தா வேற மாதிரி நெனச்சுப்பா.

8-10-2008

தளி. மங்கம்மாகிட்ட, நான் பையனோட போயிடறேன்னு சொன்னேன். மாதவன் இங்கயே இருப்பான், பொற்கொடி தளியில இருந்து கம்பெனி பஸ் புடிச்சுப்பா.

"நீங்க போகணும்னு நான் சொல்லலயே அண்ணா."

"நீங்க சொல்லலம்மா."

"அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"பெட்டி சத்தம்தான்னு மெக்கானிக் சொன்னதை நம்பிட்டேன்னு சொல்லுங்க."

முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. பூ குடுத்தாங்க.

19-10-2008, ஞாயிறு

ஐப்பசி பொறந்ததும் தட்டோட வந்துட்டாங்க. வெத்தலை, பாக்கு, ரோசாப்பூ. இந்தத் தடவை நீட்டினாங்க. மூலையில ஒண்ணும் சொல்லல.

எல்லாரும் போனதும் பொற்கொடி என் பக்கத்துல வந்து மெதுவா, "பார்த்தீங்களா? பல்லியைச் சொல்லாம இருந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு"ன்னா.

ஆமாம்மான்னேன்.

"இப்பவும் போறீங்களா?"

"கரண்டு..."

"உங்க கரண்டை நீங்களே கட்டிக்கோங்க"ன்னுட்டுப் போயிட்டா.

27-11-2008

கல்யாணம் முடிஞ்சுது. தளிக்குப் போற வேன்ல ஏறும்போது அவ என்னைத் திரும்பிப் பார்க்கல. அப்புறம் எறங்கி ஓடி வந்தா. மருந்து பாட்டில் அவ பையிலயே இருந்திருக்கு. கையில திணிச்சுட்டு ஓடிட்டா.

18-1-2009, ஞாயிறு. அத்திப்பள்ளி

பொங்கல் முடிஞ்சுது. அருணா, கன்னடக்காரங்க பண்டிகைக்குக் குடுக்கற எள்ளு-வெல்லம் குடுத்தா, நல்லா இருந்துச்சு. பெட்டியும் என்கூட வந்து மகன் கடை வாசல்ல நிக்குது. ரீசார்ஜ் பண்ண வரவங்க ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போறாங்க. இங்கயும் மத்தியானத்துல கரண்டு போவுது.

பொற்கொடி போன் பண்ணா. மூணு வாரம் கழிச்சு. கோவம் குறைஞ்ச குரல், முழுசாக் குறையல. அத்தைக்கு முட்டி வலி தேவலையாம். செவ்வந்தி நல்ல விளைச்சலாம். "கண்ணுக்கு யாரு விடறா?"ன்னா. நானேதான், ஒரு சொட்டு வீணாப் போறதில்லைன்னேன்.

"எப்பக் கத்துக்கிட்டீங்க?"

"அது ஆச்சு."

"எப்ப-ப்பா?"

பெட்டி நல்லா ஓடுதுன்னு பேச்சை மாத்தினேன். விட்டுட்டா. விட்டாளா, தெரியல.

"இன்னும் டிக்குங்குதா?"

"ஈ.எச்.டி மாத்தியாச்சே."

"அது இல்ல. மத்தது."

முட்டை ரெண்டும் பொறிஞ்சு வெறும் ஓடு மட்டும்தான் இருக்கு. தாய்ப்பல்லி பெட்டியோட வண்டியில வந்துச்சா, ஓசூர்லயே எறங்கிடுச்சா, யாருக்குத் தெரியும். இரு, கேளுன்னு சொல்லி போனைப் பெட்டி மேல வெச்சேன். கரண்டு இல்லாத நேரம். தெருவுல கூட ஒரு வண்டி இல்லை. நான் கேட்டேன், அந்தப் பக்கம் அவளும் கேட்டுட்டு இருந்தா. ஒரு சத்தமும் வரல.

போனை எடுக்கல. பெட்டி மேலயே விட்டுட்டு நின்னேன்.